ஊர் மைதானத்தில் வான்நோக்கு நிகழ்ச்சி: நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி, நூலகம், இளைஞர் மன்றம், குடியிருப்போர் சங்கம் என்று எங்கிருந்தாவது ஒரு குழு பொதுமக்களுக்கு வானத்தைக் காட்ட முன்வரும்போது கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டின் வானிலை, அட்சரேகை, கூட்டத்தின் இயல்பு ஆகியவற்றை மனத்தில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எந்த நாளில் வைப்பது நல்லது?

முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அப்புறம் நாட்காட்டி. வளர்பிறை பஞ்சமிக்கும் தசமிக்கும் இடைப்பட்ட ஒரு மாலைதான் பொதுமக்களுக்கு ஏற்றது. அந்த நாட்களில் இருட்டும்போதே நிலவு உயரத்தில் இருக்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி, பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்து பள்ளம் பள்ளமாகத் தெரியும். பௌர்ணமி அன்று கூட்டம் தானாக வரும், ஆனால் தொலைநோக்கியில் அது மோசமான நிலவு. சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது, வெள்ளைத் தட்டுதான். அமாவாசை வானம் அனுபவசாலிகளுக்கு. முதல்முறை வருபவருக்கு நிலவு இல்லாத நிகழ்ச்சி பாதி நிகழ்ச்சிதான்.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் ஓரளவு நம்பத் தகுந்தது. ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள். 2023-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள் அது. அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1957-ல் ஏவப்பட்டது அக்டோபர் 4. விண்வெளி ஒப்பந்தம் 1967-ல் நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 10. இந்த இரண்டும் நமக்கு மேகக் காலம். ஆகஸ்டில் மாலை இடிமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையின் வாசல். அந்த நாட்களில் அரங்கத்துக்குள் பேச்சும் செய்முறையும் வையுங்கள், தொலைநோக்கி வந்தால் லாபம் என்ற கணக்கில்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கு வானம் தெளிவாக இருக்கும், ஆனால் திதி ஒத்துழைக்காமல் போகலாம். 2027-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 28 தேய்பிறைப் பாதி நிலவு நாள். நள்ளிரவுக்குப் பிறகுதான் நிலவு எழும். இரண்டு வாரம் முன்னால் பிப்ரவரி 13, 14 சனி ஞாயிறில் வைத்தால் மாலையிலேயே அரை நிலவு தலைக்கு மேல். வியாழன் கோள் அந்த வாரம்தான் சூரியனுக்கு நேர் எதிரே வந்திருக்கும், எனவே இருட்டியவுடன் கிழக்கில் எழுந்துவிடும். சனிக் கோள் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும், அதை முதலில் காட்டிவிட வேண்டும். பேனரில் 'தேசிய அறிவியல் நாளை முன்னிட்டு' என்று போட்டுக்கொண்டால் போயிற்று.

இடம் எப்படி இருக்க வேண்டும்?

இருட்டைவிட முக்கியம், கண்ணில் நேரடியாக விளக்கு படாமல் இருப்பது. நிலவும் கோள்களும் நகர வெளிச்சத்தில் நன்றாகவே தெரியும். ஆனால் மைதான நடுவில் ஒரு ஹைமாஸ்ட் விளக்கு எரிந்தால் யாராலும் ஐபீஸில் (தொலைநோக்கியில் கண் வைக்கும் சிறு லென்ஸ்) பார்க்க முடியாது. அதை யார் அணைப்பது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சி, நகராட்சி எதுவாக இருந்தாலும் தலைவரிடம் மனு கொடுத்தால் மட்டும் போதாது. சுவிட்ச் பெட்டியின் சாவி வைத்திருப்பவரின் பெயரும் நேரமும் உறுதியாக வேண்டும். அணைக்க முடியாது என்றால் கட்டட நிழல் விழும் மூலையில் தொலைநோக்கியை வையுங்கள்.

மொட்டை மாடி ஆசை காட்டும், ஆனால் வேண்டாம். பகலில் சூடேறிய தளம் இரவு ஒன்பது மணி வரை வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், கோள்கள் கொதிக்கும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் அசையும். நூறு பேர் நடந்தால் தளம் அதிர்ந்து படம் ஆடும். கைப்பிடிச் சுவர் உயரம் குறைவு என்றால் குழந்தைகளுக்கு ஆபத்து. மண் தரையோ புல் தரையோதான் நல்லது. மேற்கு, தெற்கு திசைகள் திறந்திருக்கட்டும்.

ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலைய அனுமதி வேண்டும். கடற்கரை என்றால் மாநகராட்சி அனுமதியும் சேரும். அங்கே உப்புக் காற்றும் மணலும் கண்ணாடிக்குப் பகை என்பதையும் கணக்கில் வைக்கவும்.

எத்தனை பேருக்கு எத்தனை தொலைநோக்கி?

ஒருவர் ஏறி, கண் வைத்து, குவியம் சரிசெய்து, பார்த்து, ஒரு கேள்வி கேட்டு, இறங்க 40 முதல் 60 விநாடி ஆகும். இடையில் பொருளை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தொலைநோக்கியில் மணிக்கு 60 பேர். 200 பேர் வருவார்கள் என்றால், அவர்கள் இரண்டு பொருளாவது பார்க்க வேண்டும் என்றால், இரண்டரை மணி நேர நிகழ்ச்சிக்கு மூன்று தொலைநோக்கி தேவை.

இரண்டுதான் கிடைக்கிறதா? அப்படியென்றால் பொருளைக் குறையுங்கள். ஒன்று நிலவில், ஒன்று கோளில், இரவு முழுக்க அப்படியே நிற்கட்டும். ஒரே தொலைநோக்கியை அரை மணிக்கு ஒருமுறை வேறு பக்கம் திருப்பினால், வரிசையில் நின்றவர்கள் எதற்காக நின்றோம் என்பதையே மறந்துவிடுவார்கள். ஏழு பொருள் காட்டினோம் என்று அறிக்கையில் எழுதுவதைவிட, வந்த எல்லோரும் ஒன்றைச் சரியாகப் பார்த்தார்கள் என்பது பெரிய விஷயம்.

ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கருவியைப் பார்க்க, இன்னொருவர் வரிசையில் நிற்பவர்களிடம் பேச. வரிசையில் பேசுபவர்தான் முக்கியமானவர். என்ன தெரியப்போகிறது, எங்கே கண் வைக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதை அவர் முன்பே சொல்லிவிட்டால் கருவியருகே இருப்பவரின் வேலை பாதியாகும்.

பள்ளி அலமாரியில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. பயன்படுமா?

பெரும்பாலும் பயன்படும். 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத்தொலைவு உள்ள சாதாரணத் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 28 மடங்கு உருப்பெருக்கம். நிலவுப் பள்ளங்கள், வியாழனின் நான்கு துணைக்கோள்கள் இரண்டுக்கும் இதுவே போதும். சனியின் வளையம் சிறியதாக, ஆனால் வளையம்தான் என்று தெரியும்படி இருக்கும். பெட்டியில் '525 மடங்கு' என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். குறுக்களவின் ஒரு மில்லிமீட்டருக்கு 2 மடங்கு என்பது மேல் எல்லை. 70 மி.மீ.-க்கு 140. அதற்கு மேல் மங்கலாகப் பெரிதாகும், அவ்வளவுதான்.

அதே பெட்டியில் ஐபீஸில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி ஒன்று 'சன்' என்ற எழுத்துடன் இருந்தால் இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். லென்ஸ் குவித்த வெப்பம் அத்தனையும் அந்தக் கண்ணாடியில் விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விடும், கண்ணை எடுக்க நேரம் இருக்காது.

இன்னொரு தொல்லை ஈக்குவடோரியல் ஸ்டாண்ட். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த நட்சத்திரம் 50 டிகிரி உயரத்தில் இருக்கும். சென்னையில் 13 டிகிரி, நாகர்கோவிலில் 8 டிகிரிதான். தென்னை மரமோ பக்கத்து வீடோ அதை மறைத்திருக்கும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் பல மலிவு ஸ்டாண்டுகளில் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும், சிலவற்றில் திருகு அவ்வளவு கீழே போகவே போகாது. பொதுநிகழ்ச்சிக்கு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இடம் வலம், மேல் கீழ் என்று மட்டும் நகரும் டாப்சோனியன் வகைதான் நம் ஊருக்குத் தோது. 8 அங்குல டாப்சோனியன் ஒன்று கிடைத்தால் வேறெதுவும் தேடாதீர்கள்.

மாலையில் எதை எப்போது செய்வது?

வெளிச்சம் இருக்கும்போதே, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் இடத்துக்குப் போய்விடுங்கள். தொலைநோக்கியை வெளியே வைத்து மூடியைத் திறந்தால் கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர 30 முதல் 45 நிமிடம் எடுக்கும். ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ நேராக எடுத்தால் ஈரக்காற்று பட்டு வியர்த்துவிடும். துணியால் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும்.

அடுத்து ஃபைண்டரை, அதாவது குழாயின் மேல் இருக்கும் குறிபார்க்கும் சிறு கருவியை, சரிசெய்வது. பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுவது இங்கேதான். இருட்டில் நட்சத்திரத்தை வைத்துச் செய்யப்போய் அரை மணி நேரம் போய்விடும். பகலில் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியை 25 மி.மீ. ஐபீஸில் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியைச் சிவப்புப் புள்ளியில் உட்கார வையுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திரும்பவே கூடாது. ஃபைண்டரை அணைக்க மறந்தால் அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரி நிகழ்ச்சிக்குள் தீர்ந்துவிடும். சிஆர் 2032 இரண்டு சட்டைப்பையில் இருக்கட்டும்.

வளர்பிறை சஷ்டி, சப்தமியில் மாலை ஐந்து மணிக்கே நிலவு நல்ல உயரத்தில் இருக்கும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே நீல வானத்தில் அதைக் காட்டத் தொடங்கலாம். சிறு குழந்தைகளை இந்த நேரத்திலேயே பார்க்கவைத்து அனுப்பிவிட்டால் இருட்டிய பின் வரிசை பாதியாகும்.

தேவையான சில்லறைப் பொருட்கள்: நிலையான முக்காலி அல்லது இரண்டு படி ஏணி (ஐபீஸ் தலைக்கு மேல் போகும்போது குழந்தைகளுக்கு), வரிசைக்குக் கயிறு, தரையில் கோடு போடச் சுண்ணாம்பு, சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிய டார்ச். தாள் ஒரு சுற்று போதாது. மூன்று நான்கு சுற்று சுற்றினால்தான் வெள்ளை கசியாது.

"ஒண்ணும் தெரியலையே சார்" என்கிறார்கள். என்ன செய்வது?

அப்படிச் சொல்பவரைக் கொண்டாடுங்கள். தெரியாமலே "தெரியுது, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் பிரச்சினை. பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது "எனக்குத் தெரியல" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அதனால் "தெரியுதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "வியாழன் பக்கத்துல எத்தனை புள்ளி? ஒரே பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று கேளுங்கள். "வளையம் எப்படிச் சாய்ஞ்சிருக்கு, கையால காட்டுங்க" என்று கேளுங்கள். பதில் சரியாக வந்தால் பார்த்துவிட்டார். இல்லையென்றால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று நடந்திருக்கும்.

பொருள் நகர்ந்து வெளியே போயிருக்கும். இதுதான் முதல் சந்தேகம். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. 1200 மி.மீ. குவியத்தொலைவு கொண்ட 8 அங்குல டாப்சோனியனில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு. ஒரு கோள் பார்வை வட்டத்தைக் கடக்க நான்கு நிமிடம் ஆகும். 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. அப்போது ஒன்றே முக்கால் நிமிடம்தான். எனவே கோளை நடுவில் வைக்காதீர்கள். எந்த விளிம்பில் நுழைகிறதோ அங்கே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று பேர் பார்ப்பதற்குள் அது நடுவைத் தாண்டியிருக்கும், பிறகு தள்ளினால் போதும். இரண்டு பேருக்கு ஒருமுறை நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள்.

கண் தவறான இடத்தில் இருக்கும். சிலர் ஓர் அடி தள்ளி நின்று பார்ப்பார்கள், சிலர் குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஐபீஸிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் கண் இருக்க வேண்டும். 10 மி.மீ. பிளாஸல் ஐபீஸில் அந்த இடைவெளி 7 மி.மீ. வாக்கில்தான் என்பதால் இமை முடி உரசும், மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு முழு வட்டம் கிடைக்காது. வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருகிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர் கண்ணாடியோடு 25 மி.மீ.-ல் பார்க்கட்டும்.

சின்னக் குழந்தைகள் பார்க்கும் கண்ணையே மூடிக்கொள்வார்கள். மற்ற கண்ணைக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னால் தீர்ந்தது.

கீழே விழாமலிருக்கக் குழாயையோ ஐபீஸையோ பிடித்திருப்பார்கள். பிடித்தவுடன் கோள் காணாமல் போகும். பிடித்துக்கொள்ள வேறு எதையாவது கொடுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியின் முதுகு போதும். "கையைப் பின்னால கட்டிக்கோங்க" என்பது பையன்களிடம் வேலை செய்யும், முதியவர்களிடம் சொல்லாதீர்கள், தடுமாறி விழுவார்கள்.

கடைசியாக, முந்தையவர் குவியத்தைத் திருகிவிட்டுப் போயிருப்பார். எந்தத் திருகு என்று ஒவ்வொருவருக்கும் கையை வைத்துக் காட்டிவிடுங்கள்.

உருப்பெருக்கம் எவ்வளவு வைப்பது?

நிலவுக்கு 40–50 மடங்கு. முழு நிலவும் வட்டத்துக்குள் அடங்கும். கோளுக்கு 100–120. அதற்கு மேல் போனால் காற்றின் அசைவும் சேர்ந்து பெரிதாகும், நகர்வும் வேகமாகும்.

"படத்துல இருக்கற மாதிரி இல்லையே?"

இல்லைதான். வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. சனி மிளகு அளவுக்குத்தான் தெரியும், வண்ணம் வெளிறியிருக்கும், ஆனால் அது படம் அல்ல. அந்த ஒளி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து நேராக அவர் கண்ணுக்குள் விழுகிறது. விளம்பரச் சுவரொட்டியில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த நெபுலா (வாயு முகில்) படத்தைப் போட்டுவிட்டு மைதானத்தில் சாம்பல் நிறப் புகையைக் காட்டினால் கோபம் நியாயமானதே. சுவரொட்டியில் நிலவைப் போடுங்கள்.

நிலவில் நட்ட கொடி தெரியுமா? விக்ரம் லேண்டர் தெரியுமா?

தெரியாது, காரணம் கணக்கில் இருக்கிறது. 8 அங்குலத் தொலைநோக்கி கோட்பாட்டளவில் நிலவில் ஒரு கிலோமீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும். நம் காற்றில் இரண்டு கிலோமீட்டர் என்றால் நல்ல இரவு. மனிதர்களை நிலவில் இறக்கிய அப்போலோ இறங்குகலம் கால்கள் உட்பட ஏறக்குறைய 9 மீட்டர். இந்தக் கேள்வி ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வரும். கேலி செய்யாமல் இந்த எண்களைச் சொன்னால், கேட்டவரே அடுத்தவருக்கு விளக்குவார்.

"என் நட்சத்திரம் எது, காட்டுங்க" என்றால்?

உற்சாகமாகக் காட்டுங்கள். வானியலுக்குள் தமிழர்கள் நுழைய இதைவிட அகலமான வாசல் கிடையாது. ஜோதிடத்தை மறுத்துப் பேசத் தொடங்கினால் வரிசை கலையும். வானத்தைக் காட்டினால் கூட்டம் சேரும்.

ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம் நான்கும் ஒரே நேரத்தில் தெரியும். கார்த்திகை கொத்தாக இருக்கும், 10x50 பைனாகுலரில் முப்பது நாற்பது விண்மீன்கள் எண்ணலாம். தொலைநோக்கியைவிட அதில்தான் அழகு. ரோகிணி செம்மஞ்சள். திருவாதிரை சிவந்த பெரு விண்மீன், சூரியனின் இடத்தில் வைத்தால் செவ்வாயின் சுற்றுப்பாதையையும் விழுங்கிவிடும். ஏப்ரல், மே மாலைகளில் மகம், சித்திரை, சுவாதி. ஜூலை, ஆகஸ்டில் கேட்டை, பிறகு திருவோணம். 27 நட்சத்திரங்களில் சில மங்கலானவை. பூசம் நகரத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலரில் அதன் அருகே உள்ள விண்மீன் கொத்து அருமையாக இருக்கும்.

கூடவே ஒரு வரி சொன்னால் போதும்: பிறந்த நேரத்தில் நிலவு எந்த நட்சத்திரத்தின் அருகே நின்றதோ அதுதான் ஜன்ம நட்சத்திரம். நிலவு வானத்தை ஒருமுறை சுற்றிவர 27.3 நாள், அதனால் 27 பங்கு. "இன்னிக்கு நிலா எந்த நட்சத்திரத்துல இருக்கு?" என்று கேட்டு, நாட்காட்டித் தாளில் இருப்பதை வானத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பச்சை லேசர் பயன்படுத்தலாமா?

5 மில்லிவாட்டுக்கு மிகாமல், பெரியவர் கையில் மட்டும். சந்தையில் கிடைப்பவற்றில் பல, லேபிளில் போட்டிருப்பதைவிட வலுவானவை. விமானம் கண்ணில் பட்டால் உடனே அணைக்க வேண்டும். விமான நிலையத்துக்கு அருகில் என்றால் கொண்டுவரவே வேண்டாம்.

பகலில் சூரியனைக் காட்ட முடியுமா?

முடியும். பள்ளிகளுக்கு அதுதான் எளிது. பாதுகாப்பானதும் மலிவானதும் பந்துக் கண்ணாடி. கைக்கண்ணாடி ஒன்றின் மேல் கறுப்புத் தாள் ஒட்டி நடுவில் ஒரு சென்டிமீட்டர் துளை விடுங்கள். அதை ரப்பர் பந்தின் மேல் ஒட்டி, பந்தை ஒரு வளையத்தில் உட்கார வைத்தால் எந்தப் பக்கமும் திருப்பலாம். வெயிலில் வைத்து, இருட்டடித்த வகுப்பறையின் சுவருக்கு ஒளியைத் திருப்புங்கள். சுவரில் விழும் வட்டத்தின் அளவு தூரத்தில் ஏறக்குறைய 108-ல் ஒரு பங்கு. 20 மீட்டர் தள்ளினால் 18–19 செ.மீ. சூரியன். கிரகணத்தின்போது முழுப் பள்ளியும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். படம் மங்கலாக இருந்தால் துளை பெரிது அல்லது தூரம் குறைவு.

தொலைநோக்கியில் என்றால், சூரியனுக்கென்றே செய்த வடிகட்டித் தாள் குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும். அது ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். ஒவ்வொரு முறையும் விளக்குக்கு நேரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள், காற்று தூக்காதபடி டேப் ஒட்டுங்கள். ஃபைண்டரைக் கழற்றி வையுங்கள். கருவியின் அருகே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும், தண்ணீர் குடிக்கப் போனால்கூட மூடிவிட்டுத்தான் போக வேண்டும்.

கிரகணக் கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்ற குறியீடு இருக்க வேண்டும். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் மட்டும். எக்ஸ்ரே பிலிம், சிடி, புகையேற்றிய கண்ணாடி எதுவும் உதவாது. மஞ்சள் தண்ணீரிலோ சாணித் தண்ணீரிலோ பிம்பம் பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. உச்சி வெயிலில் நீர்ப்பரப்பு ஒளியை ஐம்பதில் ஒரு பங்காகத்தான் குறைக்கும், தேவைப்படுவது லட்சத்தில் ஒன்று. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது எல்லாவற்றிலும் மோசம்.

நிழலில்லா நாளை எப்படி நடத்துவது?

தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழல் விழாது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10–11 வாக்கில், மதுரையில் 16, கோவையில் 19, சென்னையில் 24–25. மறுபடி ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, வடக்கிலிருந்து தெற்காக. ஏப்ரல்தான் நல்லது, வானம் தெளிவு.

நேரம் பன்னிரண்டு மணி அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அந்த ஏப்ரல் நாட்களில் சென்னையில் 12:07, மதுரையில் 12:17, கோவையில் 12:21 வாக்கில் நிழல் மறையும். 11:45-க்கே தொடங்கி மேசைப் பலகையில் செங்குத்தாக நிறுத்திய குழாயின் நிழல் நுனியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே போங்கள்.

சொதப்புவது எப்போதும் செங்குத்தில்தான். மேசை சாய்ந்திருந்தால் நிழல் தப்பான நேரத்தில் மறையும் அல்லது மறையவே மறையாது. கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் வாங்கி, பலகை மட்டமாகவும் குழாய் நேராகவும் இருப்பதைச் சரிபாருங்கள். 30 செ.மீ. பிவிசி குழாய் போதும். ஒரு நாள் தவறினால் நண்பகல் நிழல் 2 மி.மீ.-தான் இருக்கும். எனவே விடுமுறை என்றால் முந்தைய நாளோ மறுநாளோ வைத்தாலும் பாதகமில்லை.

மேகம் மூடிவிட்டால்?

மக்களை மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் மாற்று நிகழ்ச்சி தொடங்கிவிட வேண்டும். மைதானம் இருந்தால் சூரியக் குடும்பத்தை நடந்து பார்க்கலாம். சூரியன் 14 செ.மீ. பந்து. பூமி 15 மீட்டர் தள்ளி ஒரு சிறு கடுகு. அதிலிருந்து 4 செ.மீ.-ல் ஒரு ரவை, அதுதான் நிலவு. வியாழன் 78 மீட்டரில் ஒரு கோலிக்குண்டு. சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450 மீட்டர். அடுத்த சூரியன், அதாவது நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன், எங்கே என்று யாராவது கேட்பார்கள்: இதே அளவுகோலில் 4,000 கிலோமீட்டர்.

பூமிக்கும் நிலவுக்கும் இடையே உள்ள தூரத்தை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். கூடைப்பந்தைக் கொடுத்தால் நிலவை ஒரு முழம் தள்ளித்தான் பிடிப்பார்கள். உண்மையில் 30 பூமிகளை வரிசையாக அடுக்கும் தூரம், அதாவது ஏழு மீட்டருக்கு மேல்.

விண்வெளி ஆய்வைப் பற்றி என்ன செய்யலாம்?

விஞ்ஞானி ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி ஒரு மணி நேரம் ஸ்லைடு போடுவதே வழக்கம். இருபது நிமிடப் பேச்சு, நாற்பது நிமிடக் கேள்வி என்று மாற்றிப் பாருங்கள். கேள்விகளைத் துண்டுச்சீட்டில் முன்பே வாங்கினால் பெண்பிள்ளைகளின் கேள்விகளும் மேடைக்கு வரும்.

இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினம் ஏன் என்ற கேள்வியை மட்டும் வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம். உலக உருண்டையும் ஒரு நூலும் போதும். ஸ்ரீஹரிகோட்டாவில் நூலை வைத்துத் தெற்கே இழுத்தால் இலங்கையின் மேல் போகும். அதனால்தான் துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி ராக்கெட் முதலில் தென்கிழக்காகப் பறந்து பிறகு வளைகிறது. வளைய எரிபொருள் செலவு, சிறிய ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே கடல்தான். அங்கே 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

தண்ணீர் ராக்கெட் வைப்பதானால் சோடா, கோலா வந்த 1.5 அல்லது 2 லிட்டர் பாட்டில் மட்டும். மினரல் வாட்டர் பாட்டில் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர், சைக்கிள் பம்பில் 40–50 பிஎஸ்ஐ. தண்ணீர் அதிகமானால் தூக்காது, குறைந்தால் தள்ளும் பொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பம்ப் அடிப்பவர் கண்ணாடி போட வேண்டும், மற்றவர்கள் 10 மீட்டர் தள்ளி. கீழே விழுந்து நசுங்கிய பாட்டிலை மறுபடி ஏற்றாதீர்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதலை நேரில் பார்க்க இணையத்தில் முன்பதிவு வேண்டும். ஏவுதல் தள்ளிப்போவது சகஜம், பஸ் வாடகை பேசும்போது இதையும் பேசிவிடுங்கள்.

கிரகணத்தன்று சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள்.

பதில் சொல்வதைவிட நிகழ்ச்சியிலேயே சுண்டலும் டீயும் கொடுப்பது நல்லது. நடத்துபவர்கள் முதலில் சாப்பிடுங்கள். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

முன்கூட்டியே குறித்துவைக்க இரண்டு தேதிகள்: 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம், உச்சம் 10:20 வாக்கில், புத்தாண்டுக் கூட்டம் தெருவில் இருக்கும்போதே. 2031 மே 21 வளைய சூரிய கிரகணம், கேரளம், தென் தமிழ்நாடு, வட இலங்கை வழியாக. 2019 டிசம்பர் 26-ல் கோவை, திருச்சி, திண்டுக்கல் பக்கம் பார்த்த அதே வகை.

யாரிடம் உதவி கேட்கலாம்?

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு மாவட்டந்தோறும் கிளைகள் உண்டு. சென்னை பிர்லா கோளரங்கம், திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம், திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம் ஆகியவற்றிலும் கேட்கலாம். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தைப் பார்க்க மாணவர்களை அழைத்துப் போகலாம், அனுமதி நாளை விசாரித்துவிட்டுப் புறப்படவும்.

செல்போனில் படம் எடுக்க விடலாமா?

நிலவை மட்டும், வரிசை முடிந்த பிறகு. பத்து பேர் படம் எடுத்தால் அரை மணி நேரம் போய்விடும். ஃபிளாஷ் அணைந்திருக்க வேண்டும். போனை ஐபீஸில் பிடிக்கும் கவ்வி ஒன்று வாங்கிவைத்தால் ஒரு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடலாம்.

நிகழ்ச்சி முடிந்தபின் கருவியை எப்படிப் பராமரிப்பது?

இருநூறு பேரின் இமை எண்ணெய் ஐபீஸில் படிந்திருக்கும். ஊதுகுழலால் தூசியைத் தள்ளிவிட்டு, லென்ஸ் திரவம் தொட்ட பஞ்சால் நடுவிலிருந்து வெளியே சுற்றித் துடையுங்கள். சட்டை நுனி கூடாது. பெரிய கண்ணாடியைத் தொடாதீர்கள், கொஞ்சம் தூசி இருந்தால் எதுவும் கெடாது. பனி பட்ட கருவியை அப்படியே மூடிப் பெட்டியில் வைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறியின் கீழ் ஓர் இரவு திறந்து காயவிட்டு, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அந்தப் பை நிறம் மாறினால் வெயிலிலோ அடுப்பிலோ காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். ஃபைண்டரை அணைத்தாயிற்றா என்று பெட்டியை மூடுமுன் ஒருமுறை பார்க்கவும்.